அளவுக்கு ஓர் ஆள்

படம் 4.7இல் நிற்பது நான்.
அடியில் பொடி எழுத்து:
'வகுப்பறை, குறுக்குவெட்டுத் தோற்றம்.
அளவுக்காக ஒரு மனித உருவம்.'

முகம் போடவில்லை.
சட்டைப் பையும் இல்லை, அதிலிருந்த பீடிக்கட்டும் இல்லை.
ஆனாலும் இடது காலில் பாரத்தை இறக்கி
வலது முழங்காலைச் சற்றே மடித்த அந்த நிற்பு
பாலக்கோடு மண்டியில் ஆறு வருஷம்
தக்காளிப் பெட்டி சுமந்தவனுடையது.
என் மனைவி பார்த்தவுடன் சிரித்துவிட்டாள்.

நாளைக்கு ஐந்நூறு ரூபாய், மதியம் சாப்பாடு,
முப்பத்தெட்டு பள்ளிக்கூடம்.
டேப்பின் பூஜ்ஜியத்தை நான் பிடிப்பேன்,
மறுமுனையில் சுநந்தா மேடம் எண்ணைச் சொல்வார்.
கதவு. படி. கரும்பலகை.
கழிப்பறைக்கும் குழாய்க்கும் நடுவே நடை.
இரண்டு மாதம்
எல்லாத் தூரமும் என் கட்டைவிரலில்தான் தொடங்கியது.

நான்கு வருஷம் கழித்துத் தபாலில் வந்தது புத்தகம்.
கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார் சென்றாயன்.
பின்னட்டையைப் பார்த்து
'விலை பவுண்டில் போட்டிருக்கு' என்றேன்.
'பவுனா?' என்றார்.
கணக்குப் போட்டோம்:
நல்ல நாளில் பதின்மூன்று பெட்டித் தக்காளி,
விலை விழுந்த நாளில் அரை லாரி.

வரிக்கு வரி போனைக் காட்டித்தான் படித்தேன்.
பிள்ளைகளுக்கு அதில் 'பயனர்கள்' என்று பேர்.
கடைசிப் பக்கங்களின் அகரவரிசையில்
மாதேஷ் இல்லை, மாரண்டஹள்ளி உண்டு.
மழை: 'வருகைக் குறைவு' காண்க.
வருகைக் குறைவு: 'மாம்பழப் பருவம்' காண்க.
அங்கே போனால் மறுபடி மழைக்கே அனுப்புகிறது,
தாலுகா ஆபீஸ் மாதிரி.

போன வருஷம் எங்கள் ஊருக்குப் புதுக் கட்டடம் வந்தது.
இன்ஜினியர் மேசையில் ஜெராக்ஸ் தாள்,
தாளில் நான்.
சன்னலின் அடிவிளிம்பு என் நெஞ்சுக்கு நேராக.
கொத்தனாரும் என் நெஞ்சுக்கு நேராகவே வைத்தார்.

மேடம் மேல் தப்பில்லை.
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார்:
படத்திலுள்ளது பழைய கட்டடம்,
இனிமேல் கட்டுவதென்றால்
தரையில் உட்காரும் குழந்தையின் கண்ணிலிருந்து
சன்னல் தொடங்க வேண்டும்.
அதை யார் படித்தார்கள்?
படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.
படத்தில் நின்றுகொண்டிருந்தேன் நான்,
சம்பளம் வாங்கிக்கொண்டு, ஆடாமல்.

ஞாயிற்றுக்கிழமை பழைய டேப்பை எடுத்துப் போனேன்.
மூன்றாம் வகுப்பு தீக்ஷிதாவைச்
சம்மணம் போடச் சொன்னேன்.
இந்த முறை பூஜ்ஜியத்தை அவள் பிடித்தாள்.
தரையிலிருந்து கண்ணுக்கு
ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்.
சிரித்தால் ஒன்று கூடுகிறது.

மேடத்துக்கு எழுதினேன்:
மறுபதிப்பு வந்தால் என்னை எடுத்துவிடுங்கள்.
அந்த இடத்தில் இவளை உட்காரவையுங்கள்.
முகம் வேண்டாம் என்றால் விடுங்கள்,
ரெட்டை ஜடையாவது போடுங்கள்.

பதில் இன்னும் வரவில்லை.
வெளிநாட்டில் இப்போது லீவாம்.

அதுவரை சும்மா இருப்பார்களா?
பாடத்திட்டம் மாறியபோது மிஞ்சிப்போன
சமூக அறிவியல் கட்டுகள் இரண்டு,
சணல் கயிறு பிரிக்காமல்
சன்னலடியில் கிடக்கின்றன.
மதிய மணி அடித்ததும் அதில் ஏறி
ராயக்கோட்டை ரோட்டில் போகும்
மாங்காய் லாரிகளை எண்ணுகிறார்கள்.

ஏறும் முன் தீக்ஷிதா மட்டும்
குனிந்து கட்டைத் தொட்டுக்
கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.
பிறகு இரண்டு காலையும் வைத்து
நன்றாக மிதித்து நிற்கிறாள்.